செறிவுமிகு புரோத்தன் ஆர்முடுக்கியும் நியூத்திரினோ ஆராய்ச்சியும்

துணிக்கைப் பௌதிகவியலின் வரலாற்றை மேலெழுந்தவாரியாகக் கற்போர் அதனை ஓர் ஏணியாகவே கருதுவர். 1932 ஆம் ஆண்டிற் கேம்பிரிச்சிலே கொக்குரொவ்ற்றும் உவால்ற்றனும் சில இலட்சம் வோற்று அழுத்தத்தினாற் புரோத்தன்களை விரைவுபடுத்தி இலிதியத்தின் கருவைப் பிளந்தனர். அன்று தொட்டு ஒவ்வொரு தலைமுறையும் முந்திய தலைமுறையினும் மிக்க சத்தியை வேண்டிப் பெரிய வளையங்களை அமைத்தது. சிக்காக்கோ நகருக்கு மேற்கே பற்றேவியாவில் உள்ள பேர்மி தேசிய ஆர்முடுக்கி ஆய்கூடத்தின் தெவத்திரன் என்னும் பொறி ஒவ்வொரு புரோத்தனுக்கும் 98,000 கோடி இலத்திரன்வோற்றுச் சத்தியை ஊட்டியது. 1995 இல் உச்சிக் குவார்க்கைக் கண்டறிய உதவிய அப்பொறி 2011 செத்தெம்பர் 30 இல் நிறுத்தப்பட்டது. செனீவாவிலுள்ள ஐரோப்பியப் பொறி அதனினும் ஏறத்தாழ ஏழு மடங்கு உயர்ந்து நிற்கின்றது.

இவ்வேணியை மனத்திற் கொண்ட மாணாக்கன் ஒருவனுக்குப் பின்வரும் செய்தி புதிராகவே தோன்றும். அதே பேர்மி ஆய்கூடம் ஏறத்தாழ நூறு கோடி டொலர் செலவில் இப்பொழுது அமைத்து வரும் புதிய புரோத்தன் ஆர்முடுக்கி வெறும் 80 கோடி இலத்திரன்வோற்றுச் சத்தியே அளிக்க வல்லது. தெவத்திரனின் ஆயிரத்தில் ஒரு பங்கும் அன்று. மூடப்பட்ட பொறியிலும் சிறிய பொறியை அவ்வளவு பொருட்செலவிற் கட்டுவானேன்? இவ்வினாவிற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆர்முடுக்கி ஒன்றை மதிப்பிட இரண்டு அளவைகள் உள. ஒவ்வொரு துணிக்கையும் எவ்வளவு சத்தியுடையது என்பது ஒன்று. ஒரு செக்கனில் எத்தனை துணிக்கைகள் வந்து சேர்கின்றன என்பது மற்றையது. முன்னதைச் சத்தி என்றும் பின்னதைச் செறிவு என்றும் கூறுவோம். புதிய பாரமான துணிக்கையொன்றைப் படைத்துக் காணவேண்டுமாயின் சத்தி வேண்டும். ஏற்கெனவே அறிந்த துணிக்கையொன்று மிக அரிதாகச் செய்யும் செயலொன்றைக் காணவேண்டுமாயின், எத்துணைச் சத்தி இருப்பினும் பயனில்லை; எண்ணிக்கையே வேண்டும். நம் பாடநூல்களும் செய்தித்தாள்களும் முன்னதையே போற்றிப் பின்னதை மறந்துவிடுகின்றன என்பது என் கருத்து. எண்ணிக்கையைப் பெருக்குவது சத்தியைப் பெருக்குவதிலும் எளிது என்று எண்ணுவோரும் உளர். அவ்வாறன்று என்பது மேலே செல்லச் செல்லப் புலனாகும்.

செறிவை மிக வேண்டி நிற்பது நியூத்திரினோ ஆராய்ச்சி. 1930 இற் பௌலி என்பார் கணக்குச் சரிவரும் பொருட்டுக் கற்பித்த இத்துணிக்கை, 1956 இல் இரைன்சும் கவனும் அணுவுலை ஒன்றின் அருகே காணும்வரை ஏட்டளவிலேயே இருந்தது. மின்னேற்றம் அற்றது; திணிவு மிகச் சிறிது; புவியை ஊடறுத்துச் செல்லினும் பெரும்பாலும் எதனோடும் மோதாது. 1962 இற் புறூக்குகேவனில் இலெடமன், சுவாட்சு, இசுத்தைன்பேகர் ஆகிய மூவரும் ஆர்முடுக்கியிலிருந்து முதன்முதல் நியூத்திரினோக் கற்றையொன்றை ஆக்கினர். மாதக்கணக்காகப் பொறியை ஓட்டி அவர்கள் பெற்ற பயனுள்ள நிகழ்ச்சிகள் சில பத்துக்களே. ஆயினும் மியுவோனோடு பிறக்கும் நியூத்திரினோ வேறு, இலத்திரனோடு பிறக்கும் நியூத்திரினோ வேறு என்பதை அவை நிறுவின. மூன்றாவது வகை பின்னர் அறியப்பட்டது. இவ்வகைகள் செல்லும் வழியில் ஒன்று மற்றொன்றாக மாறுகின்றன என்பதை 1998 இல் யப்பானின் காமியோக்காவிலும் 2001 இற் கனடாவின் சட்பரியிலும் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டின. மாறவேண்டுமாயின் திணிவு இருத்தல் வேண்டும். அத்திணிவு எங்கிருந்து வந்தது என்பதற்கு நம் கொள்கையில் இன்னும் உறுதியான விடை இல்லை.

இனி, இவ்வாராய்ச்சியின் உயிர்நிலையான வினாவிற்கு வருவோம். சடப்பொருளும் எதிர்ச்சடப்பொருளும் சமமாகவே பிறக்கும் என்பது ஆய்கூடங்களில் நாம் கண்ட விதி. பேரண்டத்தின் தொடக்கத்திலும் அவ்விதியே முற்றும் நடந்திருப்பின், இரண்டும் ஒன்றையொன்று அழித்து ஒளியாகியிருக்கும். விண்மீனுமில்லை, மண்ணுமில்லை, இக்கட்டுரையை எழுதுவாரும் படிப்பாரும் இல்லை. எங்கோ ஒரு சிறு பாரபட்சம் இருந்திருத்தல் வேண்டும். 1964 இற் குரோனினும் பிற்சும் அத்தகைய பாரபட்சமொன்றைக் கேயோன் துணிக்கைகளிற் கண்டனர். 1967 இற் சகாரொவ் என்னும் உருசிய அறிஞர், அத்தகைய பாரபட்சம் எவ்வெவ் நிபந்தனைகளில் இவ்வுலகை மிச்சம் வைத்திருக்கும் என வகுத்துரைத்தார். குவார்க்குகளிற் கண்ட பாரபட்சமோ பேரண்டக் கணக்கிற்குப் போதாது. எனவே நியூத்திரினோவிடம் அது உண்டா என்று கேட்கின்றனர். மியுவோன் நியூத்திரினோ இலத்திரன் நியூத்திரினோவாக மாறும் வீதமும், எதிர் நியூத்திரினோ அவ்வாறே மாறும் வீதமும் ஒத்திருக்கின்றனவா, வேறுபடுகின்றனவா? வேறுபட்டால் மட்டும் பேரண்டப் புதிர் தீர்ந்துவிடும் என்று கூறுவது மிகையாகும். அது வழியைத் திறக்கும், அவ்வளவே.

கேள்வி எளிது, எண்ணுதல் அரிது. யப்பானில் தோக்காயிலிருந்து 295 கிலோமீற்றர் தொலைவிலுள்ள காமியோக்காவிற்கு நியூத்திரினோக்களை அனுப்பும் குழுவினர் 2020 இல் தம் முடிவை வெளியிட்டனர். 2010 தொடங்கி எட்டாண்டளவிலே திரட்டியவற்றில் இலத்திரன் நியூத்திரினோவெனக் கொள்ளத்தக்கவை 90. எதிர் நியூத்திரினோவெனக் கொள்ளத்தக்கவை 15. இவ்வெண்கள் பாரபட்சத்தின் சாயலைக் காட்டின, உறுதி செய்யவில்லை. காரணத்தை உயர்தர வகுப்பு மாணாக்கரும் அறிவர். தற்செயலாய் நிகழும் நிகழ்ச்சிகளை எண்ணும்போது எண்ணிக்கையின் வர்க்கமூலமே வழுவின் அளவாகும். நூறு எண்ணினால் வழு பத்து, அதாவது நூற்றுக்குப் பத்து. நூற்றுக்கு ஒன்றாக வழுவைக் குறைக்கப் பதினாயிரம் எண்ணவேண்டும். வழுவைப் பாதியாக்கக் காலத்தை நான்கு மடங்காக்கவேண்டும். எட்டாண்டு உழைத்த ஒருவனிடம் முப்பத்திரண்டு ஆண்டு உழை என்று கூறுவதிலும், கற்றையின் செறிவைப் பெருக்கு என்று கூறுவது நேர்மை அன்றோ?

நியூத்திரினோவிற்கு மின்னேற்றம் இன்மையால் அதனை ஆர்முடுக்கவும் இயலாது, வளைக்கவும் இயலாது. ஆதலிற் சுற்றுவழியே செல்லவேண்டியுள்ளது. மிக விரைந்த புரோத்தன்களைக் காரீயக் கோலொன்றின்மீது மோதவிடுவர். நம் நாட்டிற் சுரங்கங்களில் அகழப்படும் காரீயத்தின் இனமே அது. ஆனால் ஆலையில் ஆக்கிய தூய வகை. மோதலிற் பிறக்கும் பயோன்களைக் கொம்பு வடிவான காந்தங்கள் ஒருமுகப்படுத்தும். அவை நீண்ட குழாயொன்றிற் பறந்து செல்லும்போதே மியுவோனாகவும் நியூத்திரினோவாகவும் சிதையும். எஞ்சியவற்றைப் பாறை தடுக்க, நியூத்திரினோ மட்டும் அப்பாற் செல்லும். காந்தங்களில் ஓடும் மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டால் எதிர் நியூத்திரினோக் கற்றை கிடைக்கும். ஆக, முதலில் மோதும் புரோத்தன்களின் தொகையே இறுதியில் எண்ணப்படும் நியூத்திரினோக்களின் தொகையை நிருணயிக்கின்றது.

பேர்மி ஆய்கூடத்தின் இன்றைய ஒழுங்கு மூன்று படிகளை உடையது. நேர் ஆர்முடுக்கி 40 கோடி இலத்திரன்வோற்று வரை கொண்டுசெல்லும், 1970களின் தொடக்கத்தில் அமைந்த ஊக்கு வளையம் 800 கோடி வரை உயர்த்தும், 3.3 கிலோமீற்றர் சுற்றளவுள்ள பிரதான வளையம் 12,000 கோடி வரை உயர்த்தி இலக்கின்மீது விடும். புதிய திட்டத்தின்படி 1.2 செக்கனுக்கு ஒருமுறை 75 இலட்சம் கோடி புரோத்தன்கள் இலக்கை அடையும். அவற்றின் மொத்தத் திணிவு ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கிலும் குறைவு. ஆயின் அவை சுமக்கும் சத்தியோ 30 பாகையிலுள்ள ஏறத்தாழ ஐந்து இலீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அது முழுவதும் ஒரு செக்கனின் இலட்சத்தில் ஒரு பங்குக் காலத்தில் வந்து விழும். வலுக் கணக்கிற் கூறின் 12 இலட்சம் உவாற்று. பழைய பொறிகளை மெல்ல மெல்லச் செம்மைப்படுத்தி 2024 இல் 10 இலட்சம் உவாற்றை எட்டினர். அதற்கு மேற் செல்லவேண்டின், தொடக்கப் படியையே மாற்றியாக வேண்டும்.

ஏன் தொடக்கப் படி? இங்கேதான் இத்திட்டத்தின் உட்பொருள் உள்ளது. புரோத்தன்கள் யாவும் நேரேற்றம் உடையவை. ஆதலின் ஒன்றையொன்று விலக்கும். கற்றை செறியச் செறிய விலக்கமும் மிகும், கற்றை பருக்கும், வளையத்தின் சுவரிற் சிதறும். வேகங்குறைந்த நிலையிலேதான் இத்தொல்லை மிகப் பெரிது. ஒரே திசையில் மின்னோட்டம் செல்லும் இரு சமாந்தரக் கம்பிகள் ஒன்றையொன்று கவரும் என்பதை நாம் வகுப்பிற் படிப்பித்திருக்கின்றோம். ஒரே திசையில் ஓடும் புரோத்தன்களும் மின்னோட்டமே. அவற்றிடையும் காந்தக் கவர்ச்சி உண்டு. வேகம் ஏற ஏற அக்கவர்ச்சி மின் விலக்கத்தை ஈடுசெய்து வரும். ஒளியின் வேகத்தை அண்மிக்கும்போது இரண்டும் ஏறக்குறையச் சமமாகிவிடும். 40 கோடி இலத்திரன்வோற்றில் புரோத்தனின் வேகம் ஒளிவேகத்தில் நூற்றுக்கு 71 பங்கு; விலக்கத்திற் பாதி எஞ்சி நிற்கின்றது. 80 கோடியிலே வேகம் நூற்றுக்கு 84. எஞ்சுவது பத்தில் மூன்று பங்கிலும் குறைவு. சார்புக் கொள்கையின்படி புரோத்தனின் சடத்துவமும் கூடியிருப்பதாற் கற்றையை அசைப்பதும் கடினம். எல்லாவற்றையும் சேர்த்துக் கணித்தால், ஊக்கு வளையத்தில் நுழையும் கணத்தில் இத்தொல்லை ஏறத்தாழப் பாதியாகின்றது. வாயிலிலே வேகத்தை இரட்டிக்கவில்லை. ஏழிலிருந்து எட்டரையளவாகவே உயர்த்தினர். அதற்குள்ளேயே இத்துணைப் பயன்! அம்பெயரின் விதியைப் பரீட்சைக்காக மட்டும் மனனஞ் செய்யும் மாணாக்கர் இதனைச் சற்று நினைந்து பார்ப்பாராக.

புதிய நேர் ஆர்முடுக்கி 215 மீற்றர் அளவு நீளமுடையது. இத்திட்டத்தைப் புரோத்தன் மேம்பாட்டுத் திட்டம் இரண்டு என்றும், சுருக்கமாகப் பிப்-2 என்றும் வழங்குவர். பெயர் புரோத்தன் எனினும், அதில் ஓடுவது புரோத்தன் அன்று. இரண்டு இலத்திரன்களைத் தாங்கிய மறை ஐதரசன் அயன். இதன் காரணம் நயமானது. வளையத்திற் புரோத்தன்கள் சுற்றிக்கொண்டிருக்கையில் அதே பாதையில் இன்னும் புரோத்தன்களைச் சேர்க்க முயன்றால், புதியவற்றை உள்ளே வளைக்கும் காந்தமே பழையவற்றை வெளியே தள்ளிவிடும். மறையேற்றமுள்ள அயனோ காந்தத்தில் எதிர்ப்புறம் வளையும். எனவே இரு கற்றைகளும் ஒரே காந்தத்தினுள் ஒன்றாய் இணையும். இணைந்தவுடன் மிக மெல்லிய காபன் தகடொன்றை ஊடுருவச் செய்தால் இரண்டு இலத்திரன்களும் உரிந்துபோக, புரோத்தன் மட்டும் எஞ்சும். பல நூறு சுற்றுக்கள் இவ்வாறு குவிக்கலாம். 1960களில் சைபீரியாவின் நோவோசிபிர்சுக்கில் வளர்ந்த உத்தி இது. இதற்கும் விலையுண்டு: இரண்டாவது இலத்திரன் மிகத் தளர்வாகவே ஒட்டியிருப்பதால், வலிய காந்தத்தால் அயனை வளைக்கப் புகின் வழியிலேயே உரிந்து வீணாகும். ஆகையால் ஆர்முடுக்கியிலிருந்து வளையத்திற்குச் செல்லும் பாதையை மெல்லவே வளைத்தல் வேண்டும்.

ஆர்முடுக்கும் உறுப்புகள் நையோபியம் என்னும் உலோகத்தாலான வெற்றறைகள். அவற்றினுள் மின்புலம் ஒரு செக்கனுக்குப் பதினாறு கோடி தொடக்கம் அறுபத்தைந்து கோடி முறைவரை மாறி மாறி வீசி அயன்களை உந்தும். செப்பு அறையில் அத்தகைய புலத்தை இடையறாது வைத்திருந்தால் அது வெப்பத்தினாற் கெடும். நையோபியமோ மிகக் குளிர்ந்த நிலையில் மீகடத்தி ஆகின்றது. ஆகவே தனிப்பூச்சியத்துக்கு மேல் 2 பாகையளவிலுள்ள ஈலியத் திரவத்தில் அவ்வறைகளை அமிழ்த்துவர். அந்நிலையில் ஈலியம் மீபாய்மமாகிக் குமிழி எழாமல் அமைதியாயிருப்பதும் பேருதவி. அறையின் பரிவு மிகக் கூரியது. சிறு அதிர்வும் அதன் சுருதியைக் கலைத்துவிடும்.

அறைகள் யாவும் ஒரு வடிவினவல்ல. இலத்திரன் ஒன்றுக்கு 21 இலட்சம் இலத்திரன்வோற்றுச் சத்தி கொடுத்தால் அது ஒளிவேகத்தில் நூற்றுக்கு 98 பங்கை எட்டிவிடும். பின்னர் ஒரே வடிவான அறைகளை நிரையாக வைக்கலாம். அதே சத்தியோடு முதல் அறையில் நுழையும் ஐதரசன் அயனோ நூற்றுக்கு 7 பங்கிலே தவழ்கின்றது. 84 பங்கை அடையும்வரை வேகம் மாறிக்கொண்டே போவதால், அதற்கேற்ப ஐவகை அறைகளை வரிசைப்படுத்தியுள்ளனர். ஐந்து வகை என்பது ஐந்து வகைத் தொல்லையும் ஆகும்.

இடையறாது இயங்கவல்லதாக இப்பொறியை வகுத்தமை கவனிக்கத்தக்கது. நியூத்திரினோ ஆய்வுக்கு ஊக்கு வளையத்தை நிரப்ப அதன் நேரத்தில் நூற்றில் ஒரு பங்களவே வேண்டும். எஞ்சிய நேரத்தை மியுவோன் ஆய்வு போன்ற பிற அரும்பணிகளுக்குப் பின்னர் பயன்படுத்தலாம்.

செறிவின் பெரும்பகை இழப்பு. கற்றையின் ஓரத்தில் அலையும் சில துணிக்கைகள் சுவரில் மோதினால், மோதிய இடம் கதிரியக்கம் உடையதாகும். மீற்றர் ஒன்றுக்கு ஒரு உவாற்றுக்கு மேல் இழந்தால், தொழிலாளர் அருகே சென்று கையாற் பழுதுபார்க்க முடியாது என்பது பொறியியலார் கைக்கொள்ளும் அளவு. 12 இலட்சம் உவாற்றுக் கற்றையில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஓரிடத்திற் சிந்தினும் 1,200 உவாற்று! எனவே செறிவுமிகு பொறியைக் கட்டுவோன் புரோத்தன்களை விரைவுபடுத்துவதிலும் அவற்றைச் சிந்தாமற் கொண்டுபோவதிலேயே பெரும்பொழுதைச் செலவிடுகின்றான். எண்ணிக்கையைப் பெருக்குதல் எளிது என்போர்க்கு இதுவே விடை.

இத்திட்டம் முதலில் இவ்வுருவில் எழவில்லை. 2007 அளவில் எக்சுத் திட்டம் என்னும் பெயரோடு தோன்றியபோது, 800 கோடி இலத்திரன்வோற்று வரை நேராகச் செல்லும் ஆர்முடுக்கியொன்றை அமைத்துப் பழைய ஊக்கு வளையத்தையே விலக்கிவிட எண்ணினர். பல முறை திருத்தி வகுத்தனர். செலவு அச்சுறுத்தியது. 2014 இல் அமெரிக்கத் துணிக்கைப் பௌதிகவியலின் முன்னுரிமைகளை வகுத்த குழு, 80 கோடியோடு நிற்கும் சிறிய திட்டத்தைப் பரிந்துரைத்தது. ஐம்பது ஆண்டு கடந்த வளையத்தை நடுவே வைத்துக்கொண்டு அதன் முன்னே புத்தம் புதிய வாயிலை அமைப்பது அரைகுறை வேலை என்று குறை கூறுவார் உளர். அக்குறையில் உண்மை உண்டு. சங்கிலியின் நைந்த கணு அவ்வளையமே. எனினும் முழுத் திட்டத்தையும் வேண்டி நின்றிருந்தால் ஒன்றுமே கிடைத்திராது என்றே யான் எண்ணுகின்றேன். வாயிலைச் செம்மை செய்தமையால், செக்கனுக்கு 15 முறை துடிக்கும் அவ்வளையத்தை 20 முறை துடிக்கச் செய்து, ஒவ்வொரு துடிப்பிலும் கூடிய சுமையை ஏற்றவும் இயலுகின்றது. 2023 இற் கூடிய அடுத்த குழு, பிரதான வளையத்தின் 1.2 செக்கன் சுற்றைச் சுருக்கி வலுவை 20 இலட்சம் உவாற்றுக்கு மேல் உயர்த்தும் வழியையும் ஆதரித்தது.

2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பிட்ட செலவு 97.8 கோடி டொலர். அமெரிக்கா தனியே இதனைச் சுமக்கவில்லை. இந்தியா, இத்தாலி, பிரித்தானியா, பிரான்சு, போலந்து ஆகிய நாடுகள் பணமாக அன்றி உறுப்புகளாகப் பங்களிக்கின்றன. 2018 இல் இந்தியா இதற்கென உடன்படிக்கையொன்றிற் கைச்சாத்திட்டது. திரொம்பே, இந்தோர், கல்கத்தா, புதுதில்லி ஆகிய இடங்களிலுள்ள நிலையங்களின் பொறியியலார் வெற்றறைகளையும் காந்தங்களையும் வலுவூட்டும் கருவிகளையும் ஆக்கப் பழகினர். வறிய நாடொன்று இத்தகைய பணியில் ஈடுபடலாமா என்பது பழைய வினா. நையோபியத் தகட்டை இலத்திரன் கற்றையால் ஒட்டவும், ஒரு தூசியும் இல்லா அறையிற் பூட்டவும் கற்றவன் அக்கல்வியை வேறு தொழிலுக்கும் கொண்டுசெல்வான் என்பதே என் மறுமொழி.

புறப்பட்ட நியூத்திரினோக்கள் எங்கே போய்ச் சேரும்? 1,300 கிலோமீற்றர் மேற்கே, தென் டக்கோட்டாவில், இலீட் என்னும் ஊரின் கீழே. அவற்றிற்குச் சுரங்கவழி வேண்டியதில்லை. புவியின் வளைவை நாணாக ஊடறுத்து, நடுவிலே 30 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தைத் தொட்டு, ஆயிரத்தில் நான்கு செக்கனளவிற் சென்றடையும். சேருமிடம் ஓம்சுத்தேக்கு என்னும் பழைய பொன்சுரங்கம். 1960களின் இறுதியில் இரேமன் தேவிசு சூரிய நியூத்திரினோக்களை எண்ணத் தொடங்கியதும் அங்கேதான். பொன்சுரங்கங்களுக்கும் இத்துணிக்கைக்கும் ஏதோ ஒரு தொடர்பு போலும்: 1965 இல் வளிமண்டலத்திற் பிறக்கும் நியூத்திரினோக்களை முதன்முதற் கண்டவர்கள் தென்னாபிரிக்காவின் பொன்சுரங்கமொன்றிலும், தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலிலும் இருந்தனர். கோலார் சுரங்கம் 2001 இல் மூடப்பட்டபின், தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்து மலையொன்றினுள் ஆய்வகம் அமைக்க வகுத்த திட்டம் மக்களின் எதிர்ப்பினாலும் வழக்குகளாலும் தடைப்பட்டு நிற்கின்றது.

1,300 கிலோமீற்றர் என்னும் தொலைவைத் தெரிந்தமைக்கும் காரணம் உண்டு. புவி சடப்பொருளாலேயே ஆனது. எதிர்ச்சடப்பொருள் அதில் இல்லை. ஆதலின் பாறையூடு செல்லும்போது நியூத்திரினோவும் எதிர் நியூத்திரினோவும் வெவ்வேறாக நடத்தப்படுகின்றன. இப்போலி வேற்றுமை நாம் தேடும் உண்மை வேற்றுமையோடு கலந்துவிடும். தொலைவு மிகின் போலி வேற்றுமை பெரிதாய்த் தெளிவாய்த் தெரியும், தெரிந்ததைக் கழித்துவிடலாம். யப்பானியர் இதற்கு எதிரான வழியை மேற்கொண்டுள்ளனர்: 295 கிலோமீற்றர் என்னும் குறுகிய தொலைவிற் போலி வேற்றுமையைச் சிறிதாக வைத்து, 2,60,000 தொன் நீர் கொள்ளும் புதிய தொட்டியால் எண்ணிக்கையைப் பெருக்குகின்றனர். அவர்களது தொட்டி முந்தி இயங்கும் என்றே தோன்றுகின்றது. எனினும் இரண்டு வழிகளும் ஒரே விடையைத் தந்தாலன்றி இத்துறையில் எவரும் நம்பார்.

தென் டக்கோட்டாவில் 1.5 கிலோமீற்றர் ஆழத்தில் ஏறத்தாழ எட்டு இலட்சம் தொன் பாறையை அகற்றி, 2024 இற் குகைகளைக் குடைந்து முடித்தனர். ஒவ்வொன்றும் 17,000 தொன் திரவ ஆகன் கொள்ளும் கலங்கள் அங்கே அமையும். கற்றை 2030களின் தொடக்கத்திலேதான் புறப்படும் என எதிர்பார்க்கின்றனர். அதற்கு முன்னரே முதற்கலம் நிரம்பிவிடுமாயின், பற்றேவியாவிலிருந்து எதுவும் வந்து சேராத அக்காலத்தில், வளிமண்டலத்திலிருந்து தாமாக இறங்கிவரும் நியூத்திரினோக்களை அது எண்ணிக்கொண்டிருக்கும்.